பட்டம் வேண்டாவாம், திறமை போதுமாம்!

பட்டம் வேண்டாவாம், திறமை போதுமாம்! ஏட்டுப் படிப்பு வீணாம். கைத்திறனே சோறு போடுமாம்! தொழிலதிபர் கூடும் மன்றங்களில் இம்முழக்கம் கேட்கிறது. ஆள் தேடும் விளம்பரங்களில் கேட்கிறது. அரசாங்கத் திட்டங்களின் முன்னுரைகளிலும் கேட்கிறது. கேட்கக் கேட்க இனிக்கிறது. இனிப்பதாலேயே இதனை எடைபோட்டுப் பார்க்கும் கடமை நமக்கு உண்டாகிறது. ஒரு நூலைத் திறனாய்வு செய்வோர், ஆசிரியர் சொன்னது எது, சொல்லாமல் விட்டது எது, எவரை நோக்கிச் சொன்னார் என்னும் மூன்றையும் கேட்பர். முழக்கத்துக்கும் அந்த முறை பொருந்தும்.

இந்த ஆய்வை எங்கே நின்று செய்வது? நாகரசம்பட்டியில் நின்று செய்வோம். போச்சம்பள்ளி வட்டத்துப் பேரூர் அது. முன்பு சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1965இல் தருமபுரி மாவட்டம் பிரிந்தபோது அதனோடு சென்றது. 2004இல் கிருட்டிணகிரி மாவட்டம் உருவானபோது அதன் பகுதியாயிற்று. 1967ஆம் ஆண்டு டிசம்பரில், முதலமைச்சராக இருந்த அண்ணாவும் தந்தை பெரியாரும் அவ்வூரில் ஒரே மேடையில் அமர்ந்தனர். அந்நாளைப் பற்றிப் பேசுவோர் இரு தலைவர்களின் உள்ள நெருக்கத்தையே பெரிதும் பேசுவர். அது பெரியார் பெயர் தாங்கிய கல்வி நிலையத்தின் விழா என்பதையும் சேர்த்து நினைப்பது நல்லது. உழவையே பெரிதும் நம்பியிருந்த வட்டாரத்துக்கு முதற்பெருந்தேவை பள்ளிக்கூடம் என்று அன்று கருதினர்.

இன்று அந்த வட்டாரத்தைச் சூழ ஆலைகள் எழுந்துவிட்டன. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியது. அசோக் லேலண்டு வந்தது, டி.வி.எஸ். வந்தது; டைட்டன் வந்தது. பின்னர்ப் பர்கூரிலும் போச்சம்பள்ளிப் பக்கத்திலும் தொழிற்பேட்டைகள் வளர்ந்தன. அங்கே அமையும் மின் ஸ்கூட்டர் ஆலையை 10,000 பெண்களே நடத்துவர் என்று ஓலா நிறுவனம் 2021இல் அறிவித்தது. அதே பர்கூரில் 1994 முதல் அரசு பொறியியற் கல்லூரியும் நடக்கிறது.

ஆக, பன்னிரண்டாம் வகுப்பை முடித்த ஓர் ஏழைவீட்டுப் பெண்ணின் முன்னே இரண்டு பேருந்துகள் நிற்கின்றன. ஒன்று கல்லூரிக்குப் போகிறது. மற்றொன்று ஆலைக்குப் போகிறது. கல்லூரிப் பேருந்தில் ஏறினால் மூன்றாண்டு, நான்காண்டு செலவு. ஆலைப் பேருந்தில் ஏறினால் அடுத்த மாதமே வரவு. “பட்டம் எதற்கு? திறமை போதும்” என்னும் முழக்கம் அவள் காதில் விழுவது இந்த நேரத்தில். செல்வர் வீட்டுப் பெண்ணின் காதில் இது விழுவதில்லை. விழுந்தாலும் அவள் தந்தை செவி கொடுப்பதில்லை. முழக்கம் எவரை நோக்கியது என்னும் கேள்விக்கு இதிலேயே பாதி விடை கிடைத்துவிடுகிறது.

ஆயினும் நாம் ஒருதலையாக வழக்குரைக்க விரும்பவில்லை. முழக்கத்தில் உள்ள உண்மையை முதலில் ஒப்புவோம். பட்டமும் சான்றிதழும் பல இடங்களில் அறிவை அளக்கும் கோலாக இருப்பதில்லை. வேண்டாதவரைத் தடுக்கும் வேலியாகவே இருக்கின்றன.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டியூக் பவர் என்னும் மின் நிறுவனம் தன் ஆலையில் கறுப்பின மக்களைக் கடைநிலைப் பிரிவில் மட்டுமே வைத்திருந்தது. மற்றப் பிரிவுகளில் சேர உயர்நிலைப் பள்ளிச் சான்று வேண்டும் என்று விதித்தது. நிறவேற்றுமையைத் தடுக்கும் குடிமை உரிமைச் சட்டம் 1965இல் வேலைவாய்ப்புக்கும் நடைமுறைக்கு வந்தபோது, அறிவுத் தேர்வு என்று இன்னொரு வேலியையும் சேர்த்துக் கட்டியது. அந்தச் சான்று இல்லாமலே முன்னர்ச் சேர்ந்திருந்த வெள்ளையரோ அதே வேலைகளைக் குறைவின்றிச் செய்துவந்தனர்! கறுப்பினத் தொழிலாளர் வழக்குத் தொடுத்தனர். வேலைக்குத் தொடர்பில்லாத தகுதியைக் காட்டி ஓர் இனத்தாரை வெளியே நிறுத்துவது சட்டத்துக்கு மாறானது என்று 1971இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டத்தைவிடத் திறமையைப் பார் என்னும் குரல் அங்கே ஒடுக்கப்பட்டோரின் குரலாக ஒலித்தது.

நம் நாட்டிலும் வேலி உண்டு. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். 2024இல் 6,244 இடங்களுக்கு அந்தத் தேர்வு அறிவிக்கப்பட்டபோது 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். அவர்களில் பட்டதாரிகளும் உண்டு, பொறியாளரும் உண்டு. விதி பத்தாம் வகுப்பு என்கிறது, போட்டியோ பட்டதாரிகளோடு. பத்தாம் வகுப்போடு நின்றுபோன ஏழை அந்த வரிசையில் எங்கே நிற்பான்? வேலைகள் குறைந்து பட்டங்கள் பெருகும் நாட்டில், ஒவ்வொரு படியிலும் மேற்படியினர் இறங்கிவந்து கீழ்ப்படியினரைத் தள்ளுகின்றனர்.

பட்டம் பெறாத பேரறிவு ஒன்றும் நமக்குப் புதிதன்று. கோவையின் ஜி.டி. நாயுடு (1893–1974) பள்ளியிலே படித்தது மிகச் சிறிது. பட்டறையிலே படித்தது கடலளவு. 1937இல் இந்நாட்டின் முதல் மின் மோட்டார்களுள் ஒன்று அவர் முயற்சியில் உருவாயிற்று. 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் பொறியியற் கல்வி நிலையம் எழ அவர் காரணமாக இருந்தார். நான்காண்டுப் பொறியியற் படிப்பைச் செய்முறையோடு கற்பித்தால் இரண்டாண்டில் முடிக்கலாம் என்று வாதாடினார். அரசாங்கம் அதற்கு இசையவில்லை, அவர் விலகினார். அவர் வாதத்தை ஊன்றிக் கவனியுங்கள். கல்வியே வேண்டா என்றாரா? இல்லை. வீண் காலத்தைக் கழித்துவிட்டு, விரைவாகவும் செறிவாகவும் கற்றுக்கொடு என்றார். கற்றுக் கொடுப்பதற்காகக் கல்லூரியையே நிறுவினார். இன்று அவர் பெயரைச் சொல்லிப் படிப்பை இழிப்போர் இதை மறைத்துவிடுகின்றனர்.

ஓசூரிலேயே நல்ல சான்று ஒன்று உண்டு. 1984இல் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாட்டா நிறுவனமும் கூடித் தொடங்கிய டைட்டன், கைக்கடிகாரம் செய்ய ஓசூரைத் தேர்ந்தது. கடிகாரப் பொறியின் உறுப்புகள் மயிரிழை போன்றவை. அவற்றைப் பொருத்தக் கூரிய கண்ணும் நடுங்காத கையும் வேண்டும். அந்தக் கண்ணையும் கையையும் எந்தப் பல்கலைக்கழகமும் பட்டமாக வழங்குவதில்லை. ஆகவே பள்ளிப் படிப்பு முடித்த சிற்றூர் இளைஞரையும் இளம்பெண்களையும் சேர்த்து, நிறுவனமே கற்பித்தது. கடிகாரத் தொழில் சுவிட்சர்லாந்துக்காரருக்கே கைவரும் என்றிருந்த எண்ணத்தை, கேழ்வரகும் மாவும் விளையும் மண்ணின் பிள்ளைகள் பொய்யாக்கினர். இங்கே கற்பிக்கும் பொறுப்பை ஏற்றவர் முதலாளி. அதுவே இந்த எடுத்துக்காட்டின் உயிர்.

இவ்வளவும் ஒப்பிய பின்னர் மறுபக்கம் திரும்புவோம். அமெரிக்கத் தொழிலாளி சொன்ன அதே சொற்றொடரை, வேறொருவர் வேறொரு நோக்கத்தோடு இந்நாட்டில் சொல்லியிருக்கிறார்.

1953ஆம் ஆண்டு. சென்னை மாநில முதலமைச்சராக இராசகோபாலாச்சாரியார் இருந்தார். சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்தார். மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றார். அவர் தரப்பில் சொல்லப்பட்டதும் இதே இனிய மொழிதான்: ஏட்டுப் படிப்பு போதாது, கைத்தொழில் வேண்டும், உழைப்பு உயர்ந்தது, அதைப் பிள்ளை சிறு வயதிலேயே அறிய வேண்டும். மறுத்துச் சொல்ல முடியாத நல்லுரை! ஆனால் எந்தத் தொழில்? அப்பன் தொழில். வண்ணார் மகனுக்குத் துறை. குயவர் மகனுக்குத் திகிரி. தோல் பதனிடுவோர் மகனுக்குத் தோல். ஏட்டைப் பிடித்தே வாழ்ந்தவர் வீட்டுப் பிள்ளைக்கோ, அப்பன் தொழிலைப் பழகினாலும் ஏடே கிடைக்கும்! குலக்கல்வி என்று நாடு அதற்குப் பெயரிட்டது. எதிர்ப்பு எரிமலையாக எழுந்தது. 1954இல் ஆச்சாரியார் பதவி விலகினார். ஏப்ரலில் காமராசர் பொறுப்பேற்றார். மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது.

பழங்கதை என்பீர்களோ? 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு விசுவகர்மா பெயரால் ஒரு திட்டம் தொடங்கியது. 18 கைத்தொழில்களுக்குக் கடனும் பயிற்சியும் கருவியும் தருவதாகச் சொன்னது. நல்லது. ஆனால் குடும்பத்தின் பரம்பரைத் தொழில் என்னும் அடிப்படையும், குரு சீடப் பரம்பரை என்னும் பெருமிதமும் அதனுள் இருந்தன. சேர்வதற்குப் பதினெட்டு வயது போதும். பதினெட்டு வயது என்பது கல்லூரி வாயிலில் நிற்கும் வயது அன்றோ? குடும்பத் தொழில் என்னும் விதியை நீக்குக, வயதை முப்பத்தைந்தாக உயர்த்துக என்று தமிழ்நாடு அரசு கேட்டது. ஒன்றிய அரசு இசையவில்லை. இப்போதுள்ள வடிவில் அதை ஏற்பதற்கில்லை என்று 2024 நவம்பரில் தமிழ்நாடு அறிவித்தது. 2025இல் கலைஞர் கைவினைத் திட்டம் என்ற பெயரில், பிறப்பைக் கேளாமல் 25 தொழில்களுக்கு, முப்பத்தைந்து வயது கடந்தோர்க்கு உதவும் திட்டத்தைத் தானே தொடங்கியது. முப்பத்தைந்து என்னும் எண்ணில் நுட்பம் இருக்கிறது. தொழிலில் ஊன்றிவிட்டவரைக் கைதூக்கு. படிக்க வேண்டியவனைப் படிக்கவிடு என்பதே அதன் பொருள்.

குலத்தின் பெயரால் வருவது எளிதில் அடையாளம் தெரியும். அடையாளம் தெரியாமல் வருவது ஒன்று உண்டு. அது “பயிற்சியாளர்” என்னும் சொல்லாக வருகிறது.

1961ஆம் ஆண்டுத் தொழிற்பயிற்சியாளர் சட்டம், பயிற்சியாளர் தொழிலாளர் அல்லர் என்கிறது. அச்சட்டப்படி முறையாகப் பயில்வோர்க்குத் தேர்வு உண்டு, தேசியச் சான்றும் உண்டு. அது வரையில் குறைகூற ஒன்றுமில்லை. ஆனால் சட்டத்தின் பயிற்சி வேறு. பெயருக்குப் பயிற்சி வேறு. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவருக்கு நிரந்தரத் தகுதி தரவேண்டும் என்று தமிழ்நாடு 1981இல் ஒரு சட்டம் இயற்றியது. தொழிலாளி என்று பெயர் சொன்னால்தானே 480 நாள் கணக்குத் தொடங்கும்? பயிற்சியாளர் என்று எழுதிவிட்டால்? ஒரு வேலையை மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டவளை மூன்றாண்டு பயிற்சியாளராகவே வைத்திருந்தால், கற்றவர் எவர்? கற்காதவர் எவர்? வேலையை அவள் கற்றுவிட்டாள். கூலி தருவதைத்தான் முதலாளி இன்னும் கற்கவில்லை.

இது கற்பனைக் குற்றச்சாட்டு அன்று. 2000ஆம் ஆண்டுகளில் கொங்கு நாட்டு நூற்பாலைகளிலும் திண்டுக்கல் பக்கத்திலும் பரவிய முறையை நாடறியும். வறண்ட மாவட்டங்களின் ஏழைப் பெண்களைப் பயிற்சியாளர் என்று சேர்ப்பர். ஆலை விடுதியில் அடைப்பர். மூன்றாண்டு முடிந்தால் மொத்தமாக ஒரு தொகை தருவோம், திருமணச் செலவுக்கு ஆகும் என்பர். இடையில் உடல் நலிந்து விலகியவள் அந்தத் தொகையை இழந்தாள். அதற்கு அவர்கள் இட்ட பெயரைப் பாருங்கள்: சுமங்கலித் திட்டம்! பஞ்சையும் கதிரையும் பற்றிய ஒரு தொழிற்சாலைத் திட்டத்துக்குத் தாலியின் பெயர்! பெண்ணின் திறமை அவளுக்கு ஒரு வாழ்க்கைத் தொழிலைத் தரும் என்று அவர்கள் எண்ணியிருந்தால் இப்பெயர் வந்திருக்குமா? மூன்றாண்டு உழைத்துவிட்டு மணமேடைக்குப் போய்விடுவாள், அடுத்தவள் வருவாள் என்னும் கணக்கு அந்தப் பெயரிலேயே எழுதப்பட்டிருந்தது. அவர்களும் பட்டம் கேட்கவில்லை!

தமிழ்நாட்டில் பட்டத்தைக் கேளாமல் ஆள் சேர்க்கும் முயற்சிகளில் பெரிதும் பேசப்படுவது சோகோ நிறுவனத்தினுடையது. 2005இல் தொடங்கி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோரையும் பட்டயப் படிப்பினரையும் தேர்ந்து, உதவித்தொகை தந்து, கணினித் தொழிலைக் கற்பித்துத் தன்னிடமே வேலை தருகிறது. கட்டணம் வாங்காமல் காசு கொடுத்துக் கற்பிப்பது பாராட்டத்தக்கது, ஐயமில்லை. ஆயினும் திறனாய்வாளன் ஒரு கேள்வியை விழுங்கிவிடக் கூடாது. அந்நிறுவனத்தை நிறுவிய சிறீதர் வேம்பு சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவர், அமெரிக்காவின் பிரின்சுடன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். பட்டம் பயனற்றது என்று சொல்லும் துணிவைச் சிலருக்குப் பட்டமே தருகிறது. அவர் சொன்னால் அது புதுமை. நாகரசம்பட்டி உழவர் மகள் சொன்னால் அது இயலாமை என்று எண்ணும் உலகம் இது. அவள் அந்த ஒரு நிறுவனத்தில் இருக்கும் வரை அவள் திறமைக்கு மதிப்பு உண்டு. வெளியே வந்து வேறொரு வாயிலைத் தட்டினால், “என்ன படித்திருக்கிறாய்?” என்றுதானே முதலில் கேட்பர்? ஒரு முதலாளியிடம் மட்டும் செல்லும் நாணயம் நாணயமாகுமா?

இனி இலக்கியத்தின் துணையை நாடுவோம். பட்டத்தைவிடத் திறமை என்போர், மேடையில் வள்ளுவரை இழுத்துக்கொள்வது வழக்கம். இழுக்கட்டும். “தெரிந்து வினையாடல்” என்னும் அதிகாரத்தில் அடுத்தடுத்து இரு குறள்கள் நிற்கின்றன. முன்னதன் கருத்து: செய்ய வேண்டிய செயலையும், அதற்கான கருவியையும், செய்யத்தக்க ஆளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார், பொருந்தினால் பொறுப்பை அவனிடம் விட்டுவிடு. இதிலே பட்டமும் இல்லை; பிறப்பும் இல்லை. ஆள் எடுக்கும் அலுவலகங்களில் எழுதி மாட்டத்தக்க கருத்து. ஆனால் மேடைப் பேச்சாளர்கள் இந்தக் குறளோடு நூலை மூடிவிடுகின்றனர். வள்ளுவர் மூடவில்லை. அடுத்த குறளில், தக்கவன் என்று ஆராய்ந்து கண்டபின் அவனை அந்தத் தொழிலுக்கே உரிமையுடையவனாக ஆக்கிவிடு என்கிறார். பல இடங்களில் நம்மோடு மாறுபடும் பரிமேலழகரும் இங்கே, அவனை உயர்த்த வேண்டும் என்றே பொருள் விரிக்கிறார்.

முதற்குறள் ஆளைத் தேர்வதற்கு இலக்கணம். இரண்டாம் குறள் தேர்ந்தபின் ஆளுக்குச் செய்ய வேண்டிய கடமைக்கு இலக்கணம். அரசனை நோக்கிச் சொன்னவை ஆயினும் ஆலை முதலாளிக்கும் பொருந்தும். முழக்கமிடுவோர் முதற்குறளை மட்டும் பாடுகின்றனர். திறமையைக் கண்டுகொள்கின்றனர், உரிமையைக் கண்டுகொள்வதில்லை. முழக்கம் சொல்லாமல் விட்டது எது என்று கேட்டோமே, அதற்கு விடை இந்த இரண்டாம் குறள்தான்.

இரண்டையும் சேர்த்துச் செய்த நாடு உண்டா? செருமனியைப் பாருங்கள். 1969ஆம் ஆண்டில் அந்நாடு தொழிற்கல்விச் சட்டம் இயற்றியது. இளைஞன் வாரத்தில் சில நாள் ஆலையில் பழகுகிறான். சில நாள் தொழிற்பள்ளியில் படிக்கிறான். பழகும் காலத்தில் ஊதியம் உண்டு. முடிவில் தேர்வு உண்டு. தேர்வை நடத்துவது அவனுக்கு வேலை கற்பித்த முதலாளி அல்லர். தொழில் வணிகக் கழகம். கிடைக்கும் சான்று அந்நாட்டின் எந்த ஆலையிலும் செல்லும். மேலும் பயின்று தொழில் ஆசான் என்னும் நிலையை எட்டினால், 2013இல் நடைமுறைக்கு வந்த தகுதி அட்டவணைப்படி அது பல்கலைக்கழக இளநிலைப் பட்டத்தோடு ஒரே படியில் வைக்கப்படுகிறது. அங்கே பட்டறைக்காரனிடம் “பட்டம் வேண்டா” என்று ஆறுதல் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. அவன் திறமையையே பட்டத்துக்கு நிகராக ஏற்றிவிட்டனர்.

தமிழ்நாட்டிலும் ஏணி இல்லாமல் இல்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டாண்டு முடித்தவர் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம்; பட்டயம் பெற்றவர் பொறியியற் கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை 2,877 கோடி ரூபாய்ச் செலவில் புதுக்க 2022இல் அரசு ஒப்பந்தம் செய்தது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. தொழிற்பயிற்சியும் அதற்குள் அடங்கும். இவை நன்று. ஆனால் ஆலைத் தளத்தில் நேரே சேர்ந்து, ஐந்தாண்டு பொறி இயக்கி, அதன் நோயையும் மருந்தையும் அறிந்த பெண் இந்த ஏணியின் எந்தப் படியில் கால் வைப்பாள்? அவள் கையில் சான்று இல்லையே! பர்கூரில் ஆலையும் இருக்கிறது. பொறியியற் கல்லூரியும் இருக்கிறது. ஆலையில் கற்றதைக் கல்லூரி கணக்கில் கொள்ளும் வழி பிறந்தாலன்றோ அவை இரண்டும் ஒரே ஊரில் இருப்பதற்குப் பொருள் உண்டாகும்?

ஆகவே நமது தீர்ப்பு இது. பட்டம் கேளாமல் ஆள் எடுப்பதை நாம் எதிர்க்கவில்லை, வரவேற்கிறோம். ஆனால் அவ்வாறு எடுப்போர் மூன்று கேள்விகளுக்கு விடை தர வேண்டும். கற்ற திறமைக்கு, வேறெங்கும் செல்லத்தக்க சான்று தருவீரா? பட்டதாரி செய்யும் வேலையையே இவர் செய்தால், பட்டதாரியின் ஊதியம் தருவீரா? பயிற்சி என்னும் பெயர் எந்த நாளில் முடியும், நிரந்தரம் என்னும் பெயர் எந்த நாளில் தொடங்கும் என்று எழுத்தில் தருவீரா? மூன்றுக்கும் “ஆம்” என்போர் டியூக் பவரின் வேலியை உடைத்தோரின் பக்கம் நிற்கின்றனர். மூன்றுக்கும் வாய் திறவாதோர் 1953ஆம் ஆண்டின் பக்கம் நிற்கின்றனர். அவர்கள் விரும்புவது திறமையை அன்று, மலிவை.

நாகரசம்பட்டியின் பெற்றோர்க்கும் ஒரு சொல். உங்கள் மகள் ஆலைக்குப் போகலாம், உழைப்பு இழிவன்று. கல்லூரிக்கும் போகலாம், கல்வி வீணன்று. ஆனால் ஒன்றுக்குப் போவதற்காக மற்றொன்றின் கதவை எவரும் அடைக்க விடாதீர்கள். வேலை தருவோர் வாயிற்படியில் வந்து நிற்கும்போது, மாதம் எவ்வளவு என்று மட்டும் கேளாதீர்கள். ஐந்தாண்டு கழித்து என் மகள் என்னவாக இருப்பாள் என்று கேளுங்கள். “பட்டம் வேண்டா, திறமை போதும்” என்று அவர் விடை சொன்னால், “சரி, அந்தத் திறமைக்கு உரிய உரிமை எங்கே?” என்று கேளுங்கள். கேட்கக் கற்பித்த மண் அது. கேட்போம், கேட்டுப் பெறுவோம்.